புதுக் குழாய்களும் பழைய நொடிக்கணக்கும்

வீட்டில் புற ஊதா ஒளிக் கருவி வாங்கி வைக்கலாமா என்று, என்னைப் போலவே சொரியாசிஸ் என்னும் செதில் உதிரும் தோல் நோயால் அவதிப்படும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். என் வீட்டுக் கருவியின் விளக்குக் குழாய்களை மாற்றி ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் கேட்டதால், என் பதிலில் கோபம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தோல் மருத்துவரின் மேற்பார்வையில், 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளிரும் இந்த நேரோபேண்ட் யூவிபி (குறுகிய அலைநீள வரம்புக்குள் அடங்கும் புற ஊதா பி கதிர்) கருவியின் முன் வாரம் மூன்று முறை நின்று வந்தேன். எத்தனையோ களிம்புகளுக்கு மசியாத முழங்கைத் தடிப்புகள் மூன்று மாதங்களில் தட்டையாகின. ஒரு காலை படுக்கை விரிப்பை உதறியபோது ஒரு செதில்கூட உதிரவில்லை. அதை நம்ப முடியாமல் மறுபடியும் உதறிப் பார்த்தேன்.

என் மனத்தாங்கலெல்லாம் அதன் டைமர் மீதுதான். அதற்குத் தெரிந்தது நொடிக்கணக்கு மட்டுமே. தோலில் விழும் ஒளியின் அளவு அதற்குத் தெரியாது. குழாய்கள் எரிய எரிய வீரியம் குறையும் என்பதால் மருத்துவர் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் அது மூன்று நிமிடங்களைத் தாண்டியிருந்தது. இதுவரை எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்பதைக்கூடக் கருவி காட்டுவதில்லை. புதுக் குழாய்களைப் பொருத்தியவரும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கமான தொலைவில், வழக்கமான நேரம் நின்றேன். அன்று மாலை ஒன்றும் தெரியவில்லை. யூவிபி தோலைச் சுட்டது உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்தே சிவப்பு ஏறும். மறுநாள் சட்டை உரசினாலே முதுகு எரிந்தது. தோல் புண்பட்ட இடத்தில் சொரியாசிஸ் புதிதாகக் கிளம்பக்கூடும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த இரவுகளின் பயம் புரியும். நல்லவேளையாக அப்படி எதுவும் கிளம்பவில்லை.

இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மருத்துவர் சொன்னபடி மிகக் குறைந்த நேரத்திலிருந்து மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். குழாய் மாற்றிய தேதியைக் கருவியின் பக்கவாட்டில் எழுதி ஒட்டி, எரிந்த நிமிடங்களை ஒவ்வொரு முறையும் அதன்கீழ் நானே குறித்து வருகிறேன். இத்தனை நன்மை கண்ட பிறகும் நண்பருக்கு நான் சொல்வது இதுதான்: வாங்க வேண்டாம், ஒளியின் அளவை மில்லிஜூல் கணக்கில் அளந்து கொடுக்கும் சிகிச்சை மையத்துக்கே செல்லுங்கள்.