ஊருக்குப் போகும்போது வைட்டமின் டி பரிசோதனை: ரிப்போர்ட் எண்ணில் எதைப் பார்ப்பது

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் எடுக்கும் முழு உடல் பரிசோதனையில் வைட்டமின் டி பெரும்பாலும் சேர்ந்தே வரும். ரத்தம் கொடுப்பது எளிது, அந்த எண்ணைப் படிப்பதுதான் பாடு.

கேட்க வேண்டியது, உடலில் இருப்பில் உள்ள டி-யைக் காட்டும் ‘25 ஹைட்ராக்சி’ சோதனை. ‘1,25 டைஹைட்ராக்சி’ எடுத்தால், பற்றாக்குறை உள்ளவருக்கும் அளவு சரியாகவே காட்டலாம்; ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் அதை ஏற்றிப் பிடித்துவிடும். வெறும் வயிறு தேவையில்லை. முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில லேப் முறைகளில் அது டி அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

ரத்தம் கொடுக்க நல்ல நேரம், போய் இறங்கிய முதல் இரண்டு மூன்று நாள். ஒரு மாதம் வெயிலில் திரிந்துவிட்டுக் கிளம்பும் முன் கொடுத்தால் வருவது விடுமுறை எண். ரத்தத்தில் இதன் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் காலம்) இரண்டு மூன்று வாரம்தான், குளிர்காலத்தில் இறங்கிவிடும். 42 பாகை வடக்கில் உள்ள பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் நின்றாலும் தோல் டி தயாரிப்பதில்லை. 53 பாகைக்கும் வடக்கே உள்ள கனடாவின் எட்மண்டனில் அது அக்டோபர் முதல் மார்ச் வரை நீள்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் எங்கும் பயனில்லை. கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடுகிறது.

அலகையும் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கான நானோகிராமை 2.5 ஆல் பெருக்கினால் ஒரு லிட்டருக்கான நானோமோல். வெளிநாட்டு ரிப்போர்ட்டின் 60 நானோமோல், ஊர் ரிப்போர்ட்டில் 24 நானோகிராம். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ‘பாதிக்கு மேல் இறங்கிவிட்டது’ என்று பதறுகிறவர்கள் உண்டு.

இனி, நிறம். மெலனின் கூடிய தோல் அதே அளவு டி தயாரிக்க வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயிலில் இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் தெற்காசிய ஆண்களுக்கும் கறுப்பின ஆண்களுக்கும் சராசரி குறைவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் குறைந்த எண் என்றால் பலவீனமான எலும்பு என்று முடிவு கட்டக்கூடாது. அமெரிக்கக் கறுப்பின ஆண்களுக்கு டி குறைவாக இருந்தும் எலும்பு அடர்த்தி கூடுதல், முறிவு குறைவு. டி-யைச் சுமக்கும் புரதம் அவர்களிடம் குறைவு என்று 2013-இல் ஒரு விளக்கம் வந்தது. அப்படிக் குறைவாகத் தெரிந்ததற்கு, பயன்படுத்திய சோதனைக் கருவி அந்தப் புரதத்தின் ஒரு மரபு வகையைக் குறைத்து அளந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. டி குறைந்தும் எலும்பு வலுவாக இருக்கும் சலுகை தெற்காசியர்களுக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்ள ஆதாரமில்லை.

தொப்பையும் கணக்கில் வரும். டி கொழுப்பில் கரைவது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு அதே மாத்திரையில் ஏற்றம் குறைவு, இரண்டு மூன்று மடங்கு டோஸ் தேவைப்படலாம்.

சிவப்பில் வந்த எல்லா எண்ணும் நோயல்ல. பல லேப்கள் 30 நானோகிராமுக்குக் கீழே குறை என்று அச்சிடுகின்றன. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2011-இல் 20 போதும் என்றது. 30 என்று சொன்ன, ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோக்ரைன் சொசைட்டியே 2024-இல் அந்த எல்லையைக் கைவிட்டது.

பெரிய ஆபத்து 60,000 யூனிட் மாத்திரையில். அது வாரம் ஒன்று. நாள்தோறும் விழுங்கினால் ரத்தக் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். மறுசோதனை மூன்று மாதம் கழித்து, முடிந்தால் அதே முறையில். திரும்பிப் போய் வேறு முறையில் அளந்தால் ஒரே ரத்தத்துக்கே எண் மாறும்.