யுபிஐ சவுண்ட் பாக்ஸ்: எம்.சி. ரோடு கடைக்கு எவ்வளவு காவல்?

பணம் கட்டியது போன்ற போலி ஸ்கிரீன்ஷாட்டை ஏஐ நொடியில் செய்து தருகிறது. நேரம், பரிவர்த்தனை எண் எல்லாம் அச்சு அசல். பண்டிகைக் கூட்டத்தில் சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைக் கல்லாவுக்கு, பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் இந்த சவுண்ட் பாக்ஸ் பெட்டி நல்ல துணை. வாடிக்கையாளர் போனை நம்பாமல், வரவுத் தகவலை சர்வரிலிருந்து சிம் வழியே வாங்கிச் சொல்கிறது. மாத வாடகை உறுத்தத்தான் செய்யும். ஒரு பட்டுப்புடவை பறிபோவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஒடுக்கமான கடைகளில் சிக்னல் தடுமாறும். பெட்டியை மேசைக்குள் புதைக்காமல் வாசல் பக்கம் வையுங்கள். சத்தம் வராவிட்டால் செயலியில் வரவைப் பார்த்த பிறகே பையைக் கொடுங்கள். க்யூஆர் மேல் யாராவது வேறு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பணம் வேறு கணக்குக்குப் போகும்; அப்போதும் பெட்டி வாய் திறக்காது.

முதலாளியின் குரலை நகலெடுத்து, "அவசரம், பணம் அனுப்புப்பா" என்று வரும் அழைப்புக்கு இது உதவாது. போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள முதலாளியின் எண்ணுக்குத் திருப்பி அழையுங்கள். பணத்தை அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வேண்டும்.