பிச்சாவரம் படகுக் குழாம்: பட்ஜெட் வேறானால் எந்தப் படகு?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருபது பேர் சேர்ந்து படகில் போகலாம் என்று பேச்செடுத்தால், முதலில் முட்டிக்கொள்வது பட்ஜெட்டில்தான். குடும்பத்தோடு வருகிறவர் நல்ல படகாகக் கேட்பார்; கல்லூரிப் பிள்ளைகள் இருப்பதிலேயே மலிவானது போதும் என்பார்கள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இந்த இழுபறிக்கே வேலை இல்லை. இங்கே காசு கூடினால் காட்சி குறையும்.

எல்லாம் கால்வாயின் அகலம் செய்கிற வேலை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் துடுப்புப் படகும் உண்டு, மோட்டார் படகும் உண்டு. மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்பில் விரைவாக ஓடும், தூரமும் போகும். ஆனால் இரு கரை மரங்களும் தலைக்கு மேல் கை கோத்து நிற்கும் குறுகிய வாய்க்கால்களில் அதை நுழைக்க முடியாது. தண்ணீர் பல இடங்களில் ஓராள் ஆழம்கூட இல்லை. மோட்டாரின் விசிறி சேற்றைக் கிளறும், திருப்பவும் இடமிருக்காது. துடுப்புப் படகு அங்கே தாராளமாகப் போகும். வளைந்து வளைந்து சேற்றில் இறங்கும் வேர்கள் சுரபுன்னையுடையவை. சேற்றுக்குள்ளிருந்து பென்சில் பென்சிலாக மேலே குத்தி நிற்பவை வெண்கண்டலின் மூச்சு வேர்கள். இன்ஜின் சத்தம் இல்லாததால் மீன்கொத்தியும் சட்டென்று பறந்துவிடாது. 2022-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த இந்தக் காட்டைப் பார்க்கத்தானே வருகிறோம்? அப்படியானால் துடுப்புப் படகே சரி.

மோட்டார் படகு வீண் என்று சொல்லவில்லை. முழங்கால் வலியோடு குறுகி உட்கார முடியாத பெரியவர்கள், பத்து நிமிடத்தில் சலித்துப்போகும் சின்னப் பிள்ளைகள், குறைந்த நேரத்தில் நீளமாக ஒரு சுற்று வர நினைப்பவர்கள் அதில் போகட்டும்.

கட்டணம் படகுக்குத்தான், தலைக்கு அல்ல. குழுவில் மனக்கசப்பு வருவது இந்த இடத்தில்தான். வேன், சாப்பாடு, பார்க்கிங் மூன்றையும் பொதுக் கணக்கில் போட்டுத் தலைக்குப் பிரியுங்கள். படகுக் காசை மட்டும் அந்தந்தப் படகில் ஏறுகிறவர்கள் கொடுக்கட்டும். உதாரணமாக, வேனுக்கு 6,000 ரூபாய் என்றால் இருபது பேருக்குத் தலைக்கு 300. மோட்டார் படகுச் செலவை எல்லார் தலையிலும் பிரித்தால், துடுப்புப் படகில் போன பிள்ளைகள் ஏறாத படகுக்குப் பணம் கட்டியதாக ஆகும். யார் எதில் என்பதை முந்தின நாளே எழுதிவைத்துவிடுங்கள். துடுப்புப் படகுக்கு நாலு பேர் என்று கணக்கு வைத்தால் வசதியாக இருக்கும். படகு எந்த வழியாகப் போகும், எவ்வளவு நேரம் என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும், பாதி வழியில் அல்ல.

எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். துடுப்புப் படகுகளை முதலில் அனுப்பிவிட்டு, இருபது நிமிடம் கழித்து மோட்டார் படகில் ஏறினால் கரைக்குத் திரும்பும் நேரம் கிட்டத்தட்ட ஒத்துவரும். காட்டுக்குள் சந்தித்துப் படமெடுக்கலாம் என்ற திட்டம் நடக்காது. இரண்டும் போகிற பாதையே வேறு.

லைஃப் ஜாக்கெட்டைச் சும்மா மாட்டிக்கொண்டால் போதாது. பக்கிளைப் போட்டு வாரை இழுத்து இறுக்கிய பிறகு, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது தொளதொள. தண்ணீரில் விழுந்தால் உடம்பு நழுவிவிடும். பிள்ளைகளுக்குச் சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். ஒவ்வொருவராக ஏறி நடுவில் உட்கார வேண்டும், கனமானவர்கள் ஒரே பக்கம் சேரக் கூடாது. வாய்க்காலுக்குள் கை நீட்டி வேரைப் பிடிப்பது பலருக்கும் வரும் ஆசை. வேரில் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பி பிளேடாக அறுத்துவிடும்.

கடல் ஏற்றவற்றம் இங்கே பெரிதில்லை என்றாலும் ஆழம் குறைந்த வாய்க்காலில் அதுவே வித்தியாசம் காட்டும். வற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் இறங்கும். போகிற நாளின் ஏற்ற நேரத்தைப் பார்த்துப் புறப்பட்டால் உள் வாய்க்கால்கள் கிடைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வெயில் காலத்தில் காலையிலேயே முடித்துவிடுங்கள், திறந்த படகில் நிழல் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் எச்சரிக்கை என்றால் சவாரி நின்றுவிடும். வேனுக்கு முன்பணம் கொடுக்கும்போதே தேதி மாற்றுவதைப் பேசிக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் அரை நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுக் குழாம் இருக்கிறது. பாரடைஸ் பீச்சுக்குப் போகும் படகில் தலைக்குத்தான் டிக்கெட், பட்ஜெட் தகராறு அவ்வளவாக எழாது. ஆனால் அங்கே போய் இறங்குவது மணலில், காட்டில் அல்ல. அந்தக் கடலில் குளிக்க இறங்கவும் வேண்டாம்.

பிச்சாவரத்துக்குச் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கி.மீ. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெருக்கும். வேலைநாள் காலையில் போனால் இருபது பேருக்கும் அடுத்தடுத்துப் படகு கிடைக்கும். சாப்பாட்டைத் திரும்பி வரும்போது சிதம்பரத்தில் வைத்துக்கொள்ளலாம், பேர்போன கத்தரிக்காய் கொத்சு அங்கேதான்.