அம்மன் சடங்குக்குத் துணைக்கு வந்தவர்கள்

சேவை: ஆயுதமில்லாத வெளிநாட்டுக்காரர் இருவர் நம்மோடு கூட நிற்பது. கட்டணம் இல்லை. இடம் மட்டக்களப்பில் வாழைச்சேனைப் பக்கம், 2004. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் மதிப்பிடுவது முறையை.

அந்த வருஷம் ஏப்ரலில், புலிகள் இயக்கத்திலிருந்து பிரிந்த கிழக்குத் தளபதி கருணா தன் அணியைக் கலைத்தபோது வீடு திரும்பிய பிள்ளைப் போராளிகளை இயக்கம் மறுபடி தேடிக்கொண்டிருந்தது. கோயில் சடங்கு என்றால் பிள்ளை பிடிக்க வசதி. என் தம்பிக்குப் பதினைந்து வயது. அம்மாவோ அவனைத் தீமிதிக்க வைப்பதாக நேர்ந்திருந்தா. மிதிக்காவிட்டால் அம்மன் கோபிப்பா, மிதிக்கப் போனால் இவங்கள் தூக்கிருவாங்கள்.

நான் கணக்கு எழுதிய பெண்கள் அமைப்பின் அக்காமார் கேட்டுத்தான் அவர்கள் வந்தார்கள். கூப்பிடாத இடத்துக்குப் போவதில்லையாம். வந்தது ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணும் கென்யாக்காரர் ஒருவரும். உயரமான வெள்ளைக்காரரை எதிர்பார்த்த அம்மாவுக்கு ஏமாற்றம். “இவங்களைக் கண்டு ஆர் பயப்படுவான்?”

உண்மையான வேலை முந்தின கிழமையே முடிந்திருந்தது. பொலிஸ், ஆமி முகாம், இயக்கத்தின் அரசியல்துறை அலுவலகம், மூன்றுக்கும் போய் ‘இன்ன நாள் இன்ன இடத்தில் நிற்போம்’ என்று சொல்லிவிட்டார்கள். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் காண்கிறதை எழுதுவார்கள், எழுதினது கொழும்புத் தூதரகங்கள் வரை போகும் என்பது கேட்டவனுக்கு விளங்கும். சடங்கன்று வீதியோரம் மோட்டார் சைக்கிளில் இருவர் நின்றார்கள். கென்யாக்காரர் அவர்களுக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, கொப்பியைத் திறந்து நேரத்தைக் குறித்தார். அரைமணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. தம்பி தீமிதித்துவிட்டு வந்து புக்கை தின்றான்.

குறையைச் சொல்வதென்றால், மொழிபெயர்த்த பொடியன். இரவானால் வெளிநாட்டுக்காரர் தங்கள் இடத்துக்குப் போய்விடுவார்கள். அவன் எங்கள் பக்கத்து ஒழுங்கைக்காரன். மறுநாளே அவனை விசாரித்து ஆள் வந்தது. அவனுக்குத் துணை யார் என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. 2006 ஓகஸ்ட் 4இல் மூதூரில் ஏ.சி.எஃப். நிவாரண நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேரை அலுவலக வளவிலேயே சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்கள் நிறுவனத்தின் ரீசேர்ட் போட்டிருந்தார்கள், கூட நிற்க வெளியாள் ஒருவர் இல்லை. அந்தச் செய்தி கேட்ட அன்று எனக்கு இந்தப் பொடியனின் முகம்தான் வந்தது.

இன்னொன்று, இவர்கள் நிற்பது அரசாங்கம் விடுகிற வரைக்கும்தான். 1989இல், ஆட்கொணர்வு மனுப் போட்ட சட்டத்தரணிகள் கொல்லப்பட்ட காலத்தில், அப்படியானவர்களுக்குத் துணையாக பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நஷனல் வந்தது. அறிக்கைகளை முன்கூட்டியே காட்டு என்று அரசாங்கம் நெருக்கியதும் 1998இல் மூட்டை கட்டியது. அதைப் பிழை சொல்லமாட்டேன். அரசாங்கம் திருத்தின கொப்பிக்கு ஆர் பயப்படுவான்? ஆனால் 2008 செப்டெம்பரில் அரசாங்கம் வெளியேறச் சொல்லி ஐ.நா. ஆட்கள் புறப்பட்டபோது கிளிநொச்சியில் அவர்களின் வளவு வாசலில் ‘போகாதீங்கோ’ என்று சனம் நின்றதை நினைத்தால், இந்தச் சேவை மிகவும் தேவைப்படுகிற நாளில்தான் கிடைக்காது என்று தோன்றுகிறது.

5இல் 3. அம்மா ஐந்தையும் போடச் சொல்கிறா. அந்தப் பொடியனுக்குத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததையே மறந்துபோனா.