சொல் அட்டையா, படித்தும் கேட்டும் கற்பதா?

ஆங்கிலச் சொற்களை அட்டையில் எழுதி மனப்பாடம் செய்வதா, படிக்கும்போதும் கேட்கும்போதும் கிடைப்பதைப் பிடித்துக்கொள்வதா? இந்தக் குழப்பத்திலேயே பலர் எதையும் தொடங்காமல் நிற்கிறார்கள்.

நேரம்
அட்டை: தினமும் பத்து நிமிடம் போதும்.
படிப்பதும் கேட்பதும்: அரை மணி நேரமாவது வேண்டும், பலன் மெதுவாகத்தான் தெரியும்.

நினைவில் நிற்பது
அட்டை: கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்மீது சோதித்துக் காட்டினார். ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் என்று இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்த்தால் நன்றாக நிற்கும்.
படிப்பதும் கேட்பதும்: அரிதான சொல் மறுபடி கண்ணில் படுவதற்குள் மறந்துவிடும்.

மரபுத்தொடர்
இங்கேதான் பெரிய வித்தியாசம். 'புட்', 'அப்', 'வித்' மூன்றுக்கும் தனித்தனியே பொருள் தெரிந்தாலும், 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது என்று ஊகிக்க முடியாது. பலத்த காற்று 'ஸ்ட்ராங் விண்ட்', ஆனால் பலத்த மழை 'ஹெவி ரெயின்'. இதற்கு விதி கிடையாது, காதுதான் பழக வேண்டும். 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தை உளறிவிடுவது. நண்பர்களிடம் சரி, அலுவலகக் கடிதத்தில் பொருந்தாது. பொருளை மட்டும் எழுதிய அட்டை இதைச் சொல்லித் தராது.

தேர்வு நெருங்கிவிட்டதா, அட்டையை எடுங்கள். பேச்சு இயல்பாக வர வேண்டுமா, நிறையக் கேளுங்கள், படியுங்கள். அப்புறம், அட்டை எழுதினாலும் ஒற்றைச் சொல்லாக எழுதாதீர்கள். அதைப் பார்த்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள்.