நில வழக்குக்கு ‘முழுப் பொறுப்பு’ என்பவர்களிடம் எச்சரிக்கை: 85,000 ரூபாயும் ஆறு மாதமும் போயின

வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, நிலப் பிரச்சினைகளைத் தீர்த்துத் தருவதாகப் பலகை மாட்டியிருக்கும் ஓர் ஆலோசனை மையத்திடம் 85,000 ரூபாயையும், அதைவிடப் பெரிதான ஆறு மாதத்தையும் பறிகொடுத்துவிட்டேன் என்பது நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிப்ரவரி 2-ஆம் தேதி, பக்கத்து நிலத்துக்காரர் எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட்டு, என் அப்பா கிரயம் வாங்கிய மனைக்குள் ஆறடி தள்ளிக் கம்பிவேலி போட்டார். காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டதால் அந்த மையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பத்திரத்தை அவசரமில்லாமல் பக்கம் பக்கமாகப் படித்தார். நான்கு எல்லைகளையும் விரல் வைத்து வாசித்து, புலப்பட (நில அளவை வரைபட) நகலோடு ஒத்துப் பார்த்துவிட்டு, “உங்கள் அப்பா சுத்தமாக எழுதி வாங்கியிருக்கிறாரம்மா, இது நிற்கும்” என்றார். இறந்துபோன அப்பாவைப் பற்றி அப்படியொரு வார்த்தையைக் கேட்டதும் நான் வேறெதையும் கேட்கவில்லை. அசல் பத்திரத்தையும், வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் வக்காலத்துப் படிவத்தில், அதை நிரப்பாமலே, கையெழுத்தையும், இரண்டு தவணையாக 85,000 ரூபாயையும் ரசீதில்லாமல் கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒரு வழக்கு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மே மாதம் கோடை விடுமுறை என்றார்கள். ஜூனில் நீதிபதி மாறுதல் என்றார்கள். ஜூலையில் எதிரிக்குச் சம்மன் சேரவில்லை என்றார்கள். நேற்று முன்சீப் நீதிமன்றத்தில் விசாரித்தபோது, அந்த எண் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினை வழக்குக்கு உரியது என்றும், என் பெயரில் எந்த வழக்கும் தாக்கலாகவில்லை என்றும் சொன்னார்கள்.

சட்ட வழியின்றி அனுபவத்திலிருந்து, அதாவது நிலத்தைத் தன் கைவசம் வைத்திருந்த நிலையிலிருந்து, வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி, உரிமை யாருக்கு என்ற கேள்விக்கே போகாமல் அனுபவத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு ஆகஸ்டு தொடக்கத்தில் முடிந்தது. இனி நான் உரிமையை நிரூபித்து, நீண்ட வழக்கு நடத்தியாக வேண்டும். பெண் என்ற முறையில், வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் குழுவின் வழியாக இலவச வழக்கறிஞரைப் பெற எனக்கு உரிமை இருந்ததாம். அந்த அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்த்தான் 85,000 ரூபாயைக் கொட்டினேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. நீதிமன்றத்தில் பிறருக்காக வழக்கு நடத்தும் உரிமை பதிவு பெற்ற வழக்கறிஞருக்கு மட்டுமே உண்டு, மையத்துக்கு இல்லை. அசலைக் காட்டுங்கள், நகலை மட்டும் கொடுங்கள். வழக்கு எண் கிடைத்த அன்றே நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற தொலைபேசி எண்ணை அழையுங்கள்.

அசல் பத்திரத்தைக் கேட்டு இன்று காலை போனேன். பெரியவர் வெளியூரில் இருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்கிறார்கள்.