பன்னிரண்டு வருடமாக பிளாஸ்ட்

மீன் மாதிரியிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அது எந்த இனம் என்று சொல்வது என் வேலை. டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் முடிந்து ஏ, டி, ஜி, சி என்று 650 எழுத்து கையில் வந்ததும் நான் முதலில் போய் நிற்கிற இடம் பிளாஸ்ட். கையிலிருக்கும் எழுத்து வரிசையை, அதாவது சீக்வென்ஸை, டேட்டாபேஸில் இருப்பவற்றோடு ஒப்பிட்டு ஒத்ததைத் தேடித் தரும் மென்பொருள் அது. 12 வருடமாக இதே கதைதான். இலவசம், கணக்குத் திறக்க வேண்டாம், ஒட்டிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்த எளிமையில்தான் நான் பல தடவை வழுக்கி விழுந்திருக்கிறேன்.

முதலில் அது வேலை செய்யும் விதம். இரண்டு சீக்வென்ஸ்களை எழுத்தெழுத்தாக, எல்லா வழியிலும் ஒப்பிட்டுச் சிறந்த பொருத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஸ்மித்-வாட்டர்மேன் முறை 1981லேயே வந்துவிட்டது. துல்லியமானது, ஆனால் பெரிய டேட்டாபேஸ் முழுவதும் ஓட்டினால் நேரத்தைத் தின்னும். 1990இல் ஆல்ட்சுல், கிஷ், மில்லர், மையர்ஸ், லிப்மன் ஐவரும் கொண்டுவந்த பிளாஸ்ட் குறுக்கு வழியில் போனது. பழைய செய்யுள் நூல்களின் கடைசியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்குமே, கிட்டத்தட்ட அதுபோல. முதல் சீருக்கு மட்டும் இல்லாமல், வரியின் எல்லா இடத்துக்கும் குறிப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சின்னத் துண்டு ஒன்று அச்சாகப் பொருந்துகிற இடத்தைப் பிடித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் நீட்டிப் பார்க்கும். துண்டே பொருந்தாத இடத்தைத் திரும்பியும் பார்க்காது.

இது தெரியாமல் இரண்டு நாளைத் தொலைத்தேன். டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடக்கமாக வைக்கும் குட்டித் துண்டு பிரைமர். 20 எழுத்து பிரைமர் ஒன்றைக் கமாண்ட் லைனில், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்து, ஓட்டினால் ஒரு ஹிட்டும் (பொருத்தமும்) இல்லை. பிரைமரே தப்பு என்று புதிதாக ஆர்டர் போடும் அளவுக்குப் போய்விட்டேன். அங்கே எதையும் மாற்றாமல் விட்டால் ஓடுவது மெகாபிளாஸ்ட் என்ற வேகமான வகை, அதன் தொடக்கத் துண்டு 28 எழுத்து. 20 எழுத்துக்குள் 28 எழுத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? குட்டி சீக்வென்ஸ்களுக்கென்றே 'பிளாஸ்ட்என்-ஷார்ட்' என்று தனி அமைப்பு இருக்கிறது. இணையப் பக்கம் இதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும், கமாண்ட் லைன் செய்யாது.

அப்புறம் இ-வேல்யூ. இந்த அளவு டேட்டாபேஸில் இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை கிடைக்கலாம் என்பதுதான் அந்த எண். அதனால் டேட்டாபேஸ் பெருத்தால், அதே பொருத்தத்துக்கு எண்ணும் கூடும். இன்னொன்று, என் வேலைக்கு அது பெரும்பாலும் உதவாது. 650 எழுத்து சீக்வென்ஸைப் போட்டால் சொந்த இனமும் ஒன்றுவிட்ட உறவும் எல்லாமே 0.0 என்றுதான் வரும். நான் பார்ப்பது ஐடென்டிட்டியும் (பொருந்திய பகுதியில் எத்தனை சதவீதம் ஒரே எழுத்து) கவரேஜும் (என் சீக்வென்ஸில் எவ்வளவு பகுதி பொருந்தியது). இரண்டையும் சேர்த்துத்தான். ஐடென்டிட்டியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், 90 எழுத்து மட்டும் பொருந்திய ஒரு துண்டு 100 சதவீதம் என்று மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி பெரிய குறை. இது பிளாஸ்டின் குறையா என்பது வேறு கதை. முதல் வருடம், பார்த்தாலே மத்தி என்று தெரிகிற மீனுக்கு, பட்டியலின் முதல் வரியில் வந்த வேறு பெயரை அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டேன். வழிகாட்டி படித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது எந்தக் கடல்ல பிடிச்ச மீன்?" திரும்பப் போய்ப் பார்த்தால், இரண்டாவதிலிருந்து பத்துப் பதினைந்து வரிகள் மத்திதான், எல்லாவற்றுக்கும் அதே ஸ்கோர் (பொருத்தத்துக்கான மதிப்பெண்). முதல் வரியில் இருந்தது யாரோ தப்பாகப் பெயரிட்டுப் போட்ட பதிவு. பிளாஸ்ட் தேடுகிற பதிவுகள் இருக்கும் ஜென்பேங்க் ஒரு காப்பகம். சீக்வென்ஸுக்குப் பெயர் வைப்பது அதைப் போட்டவர், பொதுவாக அவரே வந்து திருத்தினால்தான் உண்டு. ஸ்கோர் சமமாக இருந்தால் யார் மேலே, யார் கீழே என்பதற்கு அர்த்தமே இல்லை. இப்போதெல்லாம் முதல் 50 வரியையாவது பார்க்கிறேன், மாதிரி எடுத்த மீனின் உடலே பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கும் பதிவுகளை அதிகம் நம்புகிறேன், இனங்களை டி.என்.ஏ. மூலம் அடையாளம் காண்பதற்கான போல்டு தளத்திலும் ஒரு தடவை சரிபார்க்கிறேன்.

கமாண்ட் லைன்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எத்தனை ஹிட் வேண்டும் என்று சொல்லும் 'மேக்ஸ் டார்கெட் சீக்ஸ்' என்பதில் 1 போட்டால் மிகச் சிறந்த ஹிட் மட்டும் வரும் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த வரம்பு தேடலின் நடுவிலேயே வேலை செய்கிறது, கிடைப்பது சிறந்ததாக இல்லாமலும் போகலாம் என்று 2018இல் ஒரு ஆய்வுக் குறிப்பு வந்தது. அதில் ஒரு பகுதிக்கு நிரல் பிழையே காரணம் என்று, பிளாஸ்டை நடத்தும் அமெரிக்க அரசு மையமான என்.சி.பி.ஐ. தரப்பு விளக்கி, திருத்தமும் கொடுத்தது. சரி, என் பழைய முந்நூறு சீக்வென்ஸ்களை யார் மறுபடி ஓட்டுவது? நான்தான்.

அவர்கள் சர்வருக்கு மொத்தமாகத் தேடல் அனுப்புகிறவர்களை அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி இரவு 9 முதல் காலை 5 வரை, இல்லையென்றால் வார இறுதியில் ஓட்டச் சொல்கிறார்கள். நமக்கு அது காலையும் மதியமும். தூக்கம் கெடாமல் கிடைக்கிற ஒரே சலுகை.

முடிவுகளை உடனே இறக்கி, தேதி போட்டு வையுங்கள். முடிவுப் பக்கத்தின் இணைப்பு சீக்கிரமே காலாவதியாகிவிடும், டேட்டாபேஸும் வளர்ந்துகொண்டே போகும். 2016இல் 91 சதவீதத்துக்கு மேல் எதனுடனும் பொருந்தாத மூன்று சீக்வென்ஸ்களைப் பெயரில்லாமல் எடுத்துவைத்திருந்தேன். போன மாதம் திரும்ப ஓட்டினேன். இரண்டுக்குப் பெயர் கிடைத்தது. மூன்றாவது இன்னும் அதே 91இல் நிற்கிறது.